வாய்க்கால் தாண்டி ஆறாவது வீடு

தேதியில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1971 டிசம்பர் இரண்டாம் தேதி, வியாழக்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்தில் நான் ஒரு பொய்யை எழுத்தில் பதிவு செய்தேன். அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. அட்டை போய்விட்டது. கையெழுத்து மட்டும், பத்து வயதுப் பெண்ணுக்குத் தேவைக்கு மேல் திருத்தமாக, அப்படியே நிற்கிறது.

நோட்டு அத்தையுடையது. அத்தை அப்பாவுக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடு இருந்தவர். வில்லியனூருக்கு மேற்கே, கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவில் இருந்த எங்கள் ஊரில் கிறிஸ்தவ வீடுகள் கொஞ்சம்தான். அவற்றில் கோயிலுக்கு நடந்து வர முடியாத, கவனிக்க ஆளில்லாத வயதானவர்கள் ஆறு பேர். மாதத்தின் முதல் வெள்ளியன்று பங்குச் சாமியார் சைக்கிளில் வந்து அவர்களுக்கு வீட்டிலேயே நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுப்பார். முந்தின நாள் வியாழக்கிழமை அத்தை ஆறு வீட்டுக்கும் போவார். நலம் விசாரித்து, ஒரு ஜெபம் சொல்லி, மறுநாள் சாமியார் வருகிறார் என்று அறிவித்துவிட்டு வருவார். ஜெபத்தைப் புத்தகம் பார்த்துப் படிப்பதும் நோட்டில் எழுதுவதும் என் பொறுப்பு. நோட்டில் நான்கு கட்டங்கள்: தேதி, பெயர், உடல்நிலை, தேவை.

அத்தை இதை வேலை என்று சொல்ல விடமாட்டார். ஊழியம் என்பார். சவேரியார் செய்ததும் இதுதான் என்பார். "அவரு கப்பல் ஏறி ஜப்பான் வரைக்கும் போனாரு. நமக்கு வாய்க்கா தாண்டினா போதும்டி" என்று, மூட்டுவலிக் காலை இழுத்துக்கொண்டே சொல்வார்.

வாய்க்கால் தாண்டி இருந்தது ஆறாவது வீடு. புதுச்சேரி மில் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தா அங்கே தனியாக இருந்தார். ஊரில் அவருக்கு மில்லுக்காரர் என்று பெயர். மகன் பிரான்சில், மகள் காரைக்காலில். மனைவி செத்துப்போய் நான்கு வருஷம். அவர் வீட்டில் நாங்கள் பத்து நிமிஷம் இருப்போம். புறப்படும்போது அத்தை, "உங்களுக்கு இன்னா வேணும்?" என்று கேட்பார். "ஒண்ணும் வேணாம்மா" என்பார் அவர். நான் நான்காவது கட்டத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதுவேன்.

அந்த வியாழன் மத்தியானம் வழக்கம்போல எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டோம். சாயங்காலம் கோவில்பிள்ளை ஓடிவந்தார். கோயில் மணி அடிப்பது முதல் பூசைக்கு எடுத்து வைப்பது வரை எல்லாம் அவர்தான். பக்கத்து ஊர்ப் பங்கில் சாமியாருக்குக் காய்ச்சலாம். மறுநாள் அங்கே சவேரியார் திருநாள் பூசை. எங்கள் சாமியார்தான் போக வேண்டும். நன்மை சனிக்கிழமைக்குத் தள்ளிப்போய்விட்டது. தெருவில் இருந்த ஐந்து வீட்டுக்கும் அத்தை தானே போனார். மத்தியானத்துக்குப் பிறகு பெய்த மழைச் சேற்றில் வாய்க்கால் கரை ஏற அவர் காலால் முடியாது. என்னை அனுப்பினார்.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கக் கரையில் ஒரு குடும்பம் கிறிஸ்மஸுக்கென்று வான்கோழி வளர்த்தது. அத்தையோடு போகும்போது அது ஒதுங்கி நிற்கும். நான் தனியாக வருவது அதற்கு எப்படியோ தெரிந்தது. கழுத்துச் சதை சிவக்க, சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு, பனைமரப் பாலத்துக்கு முன்னால் வந்து நின்றுகொண்டது. நான் ஒரு அடி வைத்தால் அது இரண்டு அடி வைத்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் மில்லுக்காரர் வீட்டு விளக்கு தெரிந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன், வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பி ஓடிவந்துவிட்டேன்.

சொல்லிவிட்டாயா என்று அத்தை கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். எழுது என்றார். எழுதினேன்: 'சனிக்கிழமைக்கு மாற்றியது தெரிவிக்கப்பட்டது.'

அன்று இரவு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாமியார் வரவில்லை என்றால் தாத்தா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து வேலையைப் பார்ப்பார் என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஞானோபதேச வகுப்பில் டீச்சர் சவேரியாரில் ஆரம்பித்து எப்படியோ உபவாசத்துக்கு வந்தார். இப்போது நன்மை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் சாப்பிடாமல் இருந்தால் போதும். பெரியவர்கள் பலர் இன்னும் பழைய முறைப்படி நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அவர்களுடைய பக்தி நமக்கு எங்கே வரும் என்றார்.

மில்லுக்காரர் பழைய முறைக்காரர். போன பெரிய வெள்ளியன்று கைத்தாங்கலாகக் கோயிலுக்கு வந்தவர் அங்கேயே மயங்கி விழுந்து, நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன். பைக்குள் இருந்த அத்தை நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். விளக்குக்கு எண்ணெய் மிச்சம் பிடிக்க ராத்திரி ஏழு மணிக்குள் சாப்பிட்டுவிடுவார். காலை ஏழு என்றால் பன்னிரண்டு மணி நேரம். இப்போது மணி பத்து, அதனால் பதினைந்து மணி நேரம். மணிக்கு மணி அந்த எண் ஏறிக்கொண்டே போனது. ஐந்தாம் கட்டளை கொலை செய்யாதிருப்பாயாக என்பது. பட்டினி போட்டுக் கொல்வது அதில் சேருமா என்று டீச்சரைக் கேட்க எழுந்தேன். ஏன் கேட்கிறாய் என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியான மணி அடித்ததும் ஓடினேன். வான்கோழி கரையில்தான் இருந்தது. என் முகத்தில் அது என்ன கண்டதோ, வழி விட்டது.

கதவு திறந்திருந்தது. கூடத்தில் சின்ன மேஜை, அதன்மேல் வெள்ளைத் துணி, இயேசு சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம், இரண்டு பக்கமும் ஏற்றாத மெழுகுவர்த்திகள். பக்கத்தில் நாற்காலியில் மில்லுக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அவர் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். சட்டை தொளதொளவென்று இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை.

"தாத்தா" என்றேன்.

கண்ணைத் திறந்தார். "வா பாப்பா."

"சாமியார் இன்னைக்கி வரல தாத்தா. நாளைக்குத்தான்."

"அப்படியா" என்றார். அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

"சாப்ட்டீங்களா?"

"இல்லியே."

"தண்ணியாவது?"

இல்லை என்று தலையை ஆட்டினார். உதடு வெடித்துப்போய் வெள்ளையாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நேற்றே சொல்ல வேண்டியது, பாலம் வரைக்கும் வந்தது, வான்கோழி, அத்தையிடம் சொன்னது, நோட்டில் எழுதியது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சாமியாரிடம் பாவங்களைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் அவ்வளவு ஒழுங்காகச் சொன்னதில்லை.

அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"அந்த வான்கோழியா? என்னையே ஒரு தடவ தொரத்திச்சு. இன்னும் இருவத்திரெண்டு நாளுதான். பொறுத்துக்க."

அடுப்படியில் இருந்த பழையதில் மோர் ஊற்றிக் கரைத்துக் கொண்டுவந்தேன். அவருக்குத் தூக்கத் தெம்பில்லை, சொம்பை நான்தான் பிடித்துக்கொண்டேன். பாதி உள்ளே போனது, பாதி சலவைச் சட்டையில். அத்தையிடம் சொல்லிவிடுவாரா என்பதே அப்போதும் என் கவலை. கேட்கவும் செய்தேன்.

"நான் எதுக்குச் சொல்றேன்? அந்த மெழுகுத்திரிய ஏத்து. ஜெபம் மனப்பாடமா வருமில்ல? சொல்லு. நேத்து மாதிரி ஓடாத. மெதுவா சொல்லு."

சொன்னேன். முடிந்ததும் மாதா மன்றாட்டுமாலை சொல்லச் சொன்னார். நான் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அவர் ஒவ்வொன்றுக்கும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்றார். அது முடிந்ததும் என் வகுப்பில் எத்தனை பேர், டீச்சர் அடிப்பாரா, அரைப்பரீட்சை எப்போது என்று விசாரித்தார். மகன் அனுப்பிய போட்டோவைக் காட்டினார். பனியில் ஒரு கார் நின்றது, ஆள் யாரும் இல்லை. பள்ளிக்கூடத்தில் மத்தியான வகுப்பு தொடங்குகிற மணி தூரத்தில் அடித்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "இரு பாப்பா, போலாம்" என்றார். மெழுகுவர்த்தி பாதிக்கு மேல் கரைந்த பிறகுதான் என்னை விட்டார்.

இருட்டின பிறகு, கோயில் ஜெபம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது டீக்கடை ரேடியோவைச் சுற்றி ஊரே நின்றது. எல்லோர் முகமும் இருண்டிருந்தது. வாசலில் அத்தை என்னைத் தேடிக்கொண்டு நின்றார். "பாப்பா, இங்க வா" என்றார். மில்லுக்காரர் செத்துவிட்டார், சேதி ரேடியோ வரைக்கும் போய்விட்டது என்று முடிவு செய்து, அவரிடம் போனேன். அத்தை என்னைச் சேர்த்து அணைத்துக்கொண்டு, பாகிஸ்தானோடு யுத்தம் வந்துவிட்டது என்றார்.

யுத்தம்தான் என்று தெரிந்ததும் எனக்கு உயிர் வந்தது.

இரவு சாப்பிடும்போது அத்தை அம்மாவிடம் என்னைப் பாராட்டிச் சொன்னார். "மழையாச்சே, இவ போனாளோ இல்லியோன்னு மனசு கேக்கல. காலையில ஆறு மணிக்கே கோவில்பிள்ளைய மில்லுக்காரர் வீட்டுக்கு அனுப்பிச்சேன். 'சாமியார் நாளைக்குத்தான் வராரு, தெரியுமில்ல'ன்னு கேட்டிருக்காரு. 'தெரியும், பாப்பா நேத்தே வந்து சொல்லிட்டுப் போச்சு'ன்னாராம்."

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதுதான் எனக்கு முதலில் உறைத்தது. அடுத்து, எனக்காக அவரும் ஒரு பொய் சொல்லியிருக்கிறாரே, அதை நாளைக்குச் சாமியாரிடம் சொல்வாரா என்று கவலை வந்தது. அதற்கு மேல் யோசிக்கவில்லை. மறுநாள் சனிக்கிழமை சாமியார் வந்தார். மில்லுக்காரர் நன்மை வாங்கினார். உடல்நிலை 'நலம்' என்று எழுதியிருக்கிறேன். என் வியாழக்கிழமை வரிக்குப் பக்கத்தில் மட்டும், பொய் என்பதற்கு அடையாளமாக, பென்சிலால் ஒரு சின்னச் சிலுவை போட்டுவைத்தேன்.

அவர் பெயர் நோட்டில் 1973 தவக்காலம் வரை வருகிறது. போன வாரம் அந்தப் பக்கங்களைச் சுத்தமாகப் படியெடுக்க உட்கார்ந்தேன். பின்பக்கத்தில் மணிகளைக் கூட்டிய கணக்கு இருக்கிறது. அவ்வளவு கவனமாகக் கூட்டியவள், காலை ஆறு மணிக்கே சேதி தெரிந்துவிட்ட மனிதர் ஏன் பன்னிரண்டரை வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல், யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும் மேஜைத் துணியை எடுக்காமல், வாசலைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார் என்று கூட்டிப் பார்க்கவில்லை. அவருக்கு, ஒருவர் வந்து, சாப்பிட்டீர்களா என்று கேட்க வேண்டியிருந்தது.

நான்காவது கட்டத்தில், மாதா மாதம், அவர் பெயருக்கு நேரே என் திருத்தமான கையெழுத்தில் 'ஒன்றுமில்லை', 'ஒன்றுமில்லை' என்று இருக்கிறது. அந்த வரிகள் எதற்குப் பக்கத்திலும் நான் சிலுவை போடவில்லை.