கேட்டில் நின்ற குழம்புச் சட்டி

மலாக்கா மாநிலத்தில் இதுவரை நாடகம் எழுதியவர்கள், இப்போது எழுதிக்கொண்டிருப்பவர்கள், இனிமேல் எழுதப்போகிறவர்கள் எல்லாரையும் ஒரு தராசுத் தட்டில் ஏற்றி, மறு தட்டில் தம்புசாமி மாமாவைத் தனியாக உட்கார வைத்தால், மாமா உட்கார்ந்த தட்டு தரையைத் துளைத்துக்கொண்டு பாதாளத்துக்கே போய்விடும். அவர் பேனாவைத் திறந்தால் சிங்கப்பூரில் நாடகக்காரர்கள் தூக்கம் கெட்டு எழுந்து உட்காருவார்கள். எழுதியது ஒரே ஒரு நாடகம்தான். அதற்கே இந்தப் பாடு.

இவ்வளவு கனமான ஆளைப் பார்க்க வேண்டுமானால், சிம்பாங் அம்பாட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காயவைக்கும் கொட்டகைக்குப் போக வேண்டும். ஓணான் மாதிரி ஒடுங்கிய உடம்போடு அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டு இருப்பார். கண் எப்போதும் சிவப்பு. சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் புகை நாற்றம் போகாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். வாய் மட்டும் மேல்படிப்பு படித்தது.

அந்த வாய்தான் அவருக்கு வினை. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலைக்காரன், "என்னா மாமா, கல்யாணக் குழம்பு நல்லா இருக்கா, அத்த வைக்கிற குழம்பு நல்லா இருக்கா?" என்று கேட்டான். மாமா யோசிக்கவே இல்லை.

"அவ குழம்பா? நம்ம கொட்டகைப் புகையைக் கரண்டியில மொண்டு சோத்துல ஊத்திக்கிட்டாக்கூட அதைவிட ருசியா இருக்கும்லா!"

பந்தியே சிரித்தது. அவர் பின்னால் குழம்பு வாளியோடு நின்ற வேலாயி அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அவர் இலையில் ஒரு கரண்டி குறையாமல் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனார். அன்றிலிருந்து புருஷனிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. சோறு வரும், குழம்பு வரும், சுடுதண்ணீர் வரும். பேச்சு மட்டும் வராது.

அவசரமான சங்கதி என்றால் நடுவில் ஒரு கோழி இருந்தது.

"ஏ கோழி, விறகு தீந்து போச்சுன்னு சொல்லு" என்பார் அத்தை.

"ஏ கோழி, சாயங்காலம் கொண்டாறேன்னு சொல்லு" என்பார் மாமா.

கோழி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கும். நாலு தீபாவளி இப்படியே போனது. ஊரைச் சிரிக்க வைக்கத் தெரிந்த மனுஷனுக்கு, "தப்பா சொல்லிட்டேன் புள்ள" என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வட்டார இளைஞர் மன்றத்திலிருந்து நாடகப் போட்டி அறிவித்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் வருஷம். சிம்பாங் அம்பாட் தகரக் கொட்டகையில் மேடை. கதை புதுசாக இருக்க வேண்டும், சமூகக் கதையாக இருக்க வேண்டும். எழுதிய நாடகப் படியை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும், மேடையில் படியில் உள்ளபடிதான் பேச வேண்டும். ஊரடங்குக்கு முன்னால் எல்லாரும் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதால் பகலிலேயே ஆட்டம்.

மாமா புகையில் உட்கார்ந்து எழுதினார். எழுதி முடித்ததும் லோரி கிளீனர் அங்கமுத்துவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். தோட்டத்தில் எந்த நாடகம் போட்டாலும் பெண் வேஷம் அங்கமுத்துவுக்குத்தான். மீசையை எடுக்கச் சொன்னால் முகம் சுளிக்காத ஒரே ஆள் அவன்.

"இதுல ராஜா எங்கண்ணே?"

"ராஜா இல்ல."

"சண்டை?"

"புருஷன் பொண்டாட்டி சண்டை."

"இதைப் பாக்க எதுக்குண்ணே சிம்பாங் அம்பாட்டு போவணும்? லயத்துல நின்னா ஓசியிலேயே பாக்கலாமே!"

"கடைசியைக் கேளுடா. புருஷன் அவ கையால போட்ட சோத்தைச் சாப்புட்டுட்டு எந்திரிச்சு நின்னு சொல்றான்: 'தேவி! நின் கரத்தால் வார்த்த குழம்புக்கு ஈரேழு உலகிலும் ஈடில்லை!'"

அங்கமுத்து மீசையைத் தடவிக்கொண்டான். பிறகு, "புருஷன் யாரு, நீங்கதானே?" என்றான். மாமா அடுப்பைப் பார்த்துக்கொண்டு, புகை கண்ணில் பட்டுவிட்டது என்றார்.

வீட்டில் கோழியிடம் சொன்னார்: "ஏ கோழி, ஞாயித்துக்கெழம சிம்பாங் அம்பாட்டுல நாடகமாம். இஷ்டம்னா வரச் சொல்லு."

"ஏ கோழி, எனக்குத் துணி தொவைக்கக் கெடக்குதுன்னு சொல்லு."

மாமாவுக்கு அன்றைக்கு விறகு தள்ளவே கை எழவில்லை. அத்தை வராவிட்டால் அந்த வசனத்தை யாரிடம் சொல்வது? அங்கமுத்துவிடமா? அவன் குழம்பே வைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா ஒரு காரியம் செய்தார். அத்தை துணி மூட்டையோடு பைப்படிக்குப் போனதும், அடுப்பிலிருந்து இறக்கி வைத்திருந்த கருவாட்டுக் குழம்பைச் சட்டியோடு தூக்கினார். ஒரு கிண்ணத்தில் சோறும் எடுத்துக்கொண்டார். ஆள் வராவிட்டால் குழம்பாவது வரட்டும், அதைச் சாப்பிட்டுவிட்டுச் சொன்னால் சொன்னது பொய்யாகாது என்பது அவர் கணக்கு.

நல்ல கணக்குதான். முள்ளுக்கம்பியை மறந்துவிட்டார். வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டதிலிருந்து தோட்டத்தைச் சுற்றிக் கம்பி போட்டு, கேட்டில் போலீஸ்காரர்களை நிறுத்தியிருந்தார்கள். விட்டால் சாப்பாட்டுச் சாமான் காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். அதனால் ஒரு பிடி அரிசி கேட்டைத் தாண்டக் கூடாது. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற பெண்களின் தூக்குச் சட்டியைக்கூடத் திறந்து பார்ப்பார்கள்.

நாடகக் கோஷ்டியின் லோரி கேட்டில் நின்றது. காவலுக்கு இருந்த யூசோப் சட்டியின் மூடியைத் திறந்தார். கிண்ணத்தையும் திறந்தார்.

"நாசி தா போலே, தம்பு!" சோறு போகக் கூடாது என்று கையை விரித்தார்.

"ஐயோ யூசோப், இது நாடகத்துச் சோறுலா. மேடையில வைக்கிறது. நெசச் சோறு இல்ல!"

வயிற்றுக்குள் போனால் எல்லாச் சோறும் நிஜச் சோறுதான் என்று யூசோப் மலாயில் சொன்னார். வேறு ஆளாக இருந்தால் இந்நேரம் லாக்கப்பில் இருந்திருப்பான் என்றும் சொன்னார். பிறகு குழம்பை மோந்து பார்த்துவிட்டு, சட்டியையும் கிண்ணத்தையும் தன் மேசைமேல் எடுத்து வைத்துக்கொண்டார். லோரி காலித் தட்டோடு போனது.

அத்தை துவைத்துவிட்டு வந்தார். சட்டியைக் காணோம். பூனையாக இருந்தால் குழம்பைத்தான் தின்னும், சட்டியைத் தூக்காது. விசாரித்துக்கொண்டே கேட்டுக்கு வந்தவர், போலீஸ் மேசைமேல் தன் சட்டி ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். யூசோப் நடந்ததையெல்லாம் நடித்தே காட்டினார்.

"என் குழம்பையா? நாடகத்துக்கா?" என்றார் அத்தை. ஈரச் சேலையோடு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

தகரக் கொட்டகையில் கடைசிக் காட்சி. மூன்று கல் அடுப்புக்குப் பக்கத்தில் அங்கமுத்து குந்தி, இல்லாத சட்டியிலிருந்து இல்லாத சோற்றைத் தட்டில் போட்டான். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. கேட்டைத் தாண்டி எதையும் கொண்டுவர முடியாது என்பது எல்லாத் தோட்டத்து ஆட்களுக்கும் தெரியும். மாமா காலித் தட்டைப் பார்த்தார். தேவியும் ஈரேழு உலகமும் தொண்டையிலேயே நின்றுவிட்டன.

"தேவி சொல்லுங்கண்ணே, தேவி" என்று அங்கமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"சட்டி கேட்டுல கெடக்கு. காலித் தட்டுல என்னா ருசியக் கண்டுட்டீங்க?"

கொட்டகை முழுவதும் திரும்பிப் பார்த்தது. வேலாயி அத்தை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். நாலு தீபாவளிக்குப் பிறகு, நடுவில் கோழி இல்லாமல்.

மாமா காலித் தட்டில் கையை வைத்தார். பிசைந்தார். உருட்டினார். வாயில் போட்டு மென்றார். விரலை ஒவ்வொன்றாகச் சப்பினார். பிறகு அத்தையைப் பார்த்துச் சொன்னார்:

"இத்தன வருசமாச் சாப்புட்ட ருசி நாக்குலயே கெடக்கு, வேலாயி. தட்டுல இருந்தா என்னா, இல்லாட்டி என்னா."

கொட்டகைத் தகரம் அதிரக் கை தட்டினார்கள். நடுவர் ராமையா ஐயா மட்டும் படியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கூட்டத்திலிருந்து ஓர் அம்மா பேசுவதாகப் படியில் இல்லையாம். தேவி வசனத்தையும் காணோமாம். மூன்று நாடகங்களில் மூன்றாம் பரிசு கொடுத்தார்: ஒரு சோப்பு டப்பா. அத்தைதான் அதை முந்தானையில் முடிந்துகொண்டார்.

ஊரடங்குக்கு முன்னால் லோரி தோட்டத்து கேட்டில் நின்றது. அத்தை மாமாவைப் பார்த்து நேராகச் சொன்னார், "எறங்கி என் சட்டிய வாங்கிட்டு வாங்க." மாமா குதித்த குதியில் வேட்டி லோரியிலேயே மாட்டிக்கொண்டது.

இதையெல்லாம் நான் எழுதி, புகைக் கொட்டகையில் வைத்து மாமாவுக்கே படித்துக் காட்டியபோது, அவர் விறகு தள்ளிக்கொண்டே கேட்டார். கடைசியில் மூக்கை உறிஞ்சினார்.

"தராசுல ஏத்துனது சரிடா. நியாயமாத்தான் எழுதியிருக்க. ஆனா 'நாக்குலயே கெடக்கு'ன்னு நான் எங்கடா சொன்னேன்? எனக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு. வெரலச் சப்புனதோட சரி."

"அப்ப அதை அடிச்சிரட்டுமா மாமா?"

மாமா அவசரமாகக் கையை நீட்டித் தாளை மூடினார்.

"வேணாம், இருக்கட்டும். அத்தைக்குப் படிச்சுக் காட்டுறப்ப அந்த எடத்த மட்டும் கொஞ்சம் மெதுவாப் படி." சிவந்த கண்ணால் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது கெடக்கட்டும். இவ்ளோ நல்ல வார்த்தையை எவகிட்டச் சொல்றதுக்குடா எடுத்து வச்சிருந்த?"