தவிட்டுக்கு வாங்கிய மகள்

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். தம்பியும் அவன் மனைவியும் விபத்தில் இறந்தபின், அவர்கள் மகளை நானும் என் மனைவியும் மாரியம்மன் சன்னதியில் ஆத்தாளுக்கு ஒப்புக்கொடுத்து, ஊர் வழக்கப்படி ஒரு மரக்கால் தவிடு கொடுத்து அவளிடமிருந்து வாங்கி, எங்கள் மகளாக்கிக்கொண்டோம்.

குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். "தாய் தகப்பன் இல்லாத பிள்ளைய வளக்குற சொந்தக்காரங்களுக்கு மாசாமாசம் உதவி உண்டுங்க. படிப்புக்கு ஆகும்."

"ஆத்தாகிட்ட வாங்குன பிள்ளைங்க இது. பெத்த பிள்ளைய கூலிக்கா வளப்பாங்க?" என்று அனுப்பிவிட்டேன்.

அவள் பள்ளிப் படிப்பை முடித்த வருடம் ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை நெல் பொய்த்தது. நர்சிங் படிக்க ஆசைப்பட்டவளை, பணம் கட்ட வழியில்லாமல் மன்னார்குடி ஜவுளிக்கடையில் சேர்த்தேன்.

"பரவாயில்லப்பா, ஃபேனுக்குக் கீழதான் நிக்கிறேன்" என்று சிரித்தாள்.

அந்த உதவியை வாசலுக்கு அனுப்பியதும் ஆத்தாதானே என்று அந்த அம்மா வந்த அன்று எனக்குத் தோன்றவில்லை. உறவுப் பிள்ளையை வளர்ப்பவர்களிடம் இதை என் தப்போடு சேர்த்து, மாற்றாமல் சொல்லுங்கள்.