மலியாவின் மூன்று தீவுகள்

நான் அகதியாக வந்த வெக்ஸ்போர்ட் நகரின் முதியோர் இல்லமொன்றில் என்னோடு வேலை செய்யும் மலியாமீது எனக்கு நெடுநாள் பொறாமை. அவள் பசிபிக் கடலிலுள்ள டோக்கெலாவ்காரி. நியூசிலாந்தின் ஆட்சிக்குக் கீழுள்ள மூன்று குட்டித் தீவுகள். ஆயிரத்துச் சொச்சம் பேர். ஆனாலும் எங்களுக்கு இல்லாத ஓர் அரசு அவர்களுக்கென்று இருக்கிறது. அதன் தலைமை ஆண்டுக்கொரு தீவாகச் சுற்றிவரும். பிடித்த மீனை எல்லா வீட்டுக்கும் பங்கிடுவார்களாம். கையில் நியூசிலாந்துப் பாஸ்போர்ட் வேறு.

“எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்திலயே உங்களைவிடக் கனபேர். உங்களுக்கு ஒரு அரசாங்கமோ!” என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டேன். அவள் சிரித்தாள்.

போன மாசியில் அவளின் தகப்பன் இறந்துபோனார். “அங்க பிளேன் இறங்க இடமில்லை. சமோவாவிலயிருந்து கப்பலிலதான் போகவேணும். அது நேற்றே வெளிக்கிட்டிட்டுது. அடுத்தது இரண்டு கிழமையால,” என்று உடுப்பு மாற்றும் அறையில் அழுதாள்.

வெட்கத்தோடு சொல்கிறேன், அந்தக் கணம் என் மனம் கொஞ்சம் குளிர்ந்தது.

பிறகுதான் அப்பாவின் நினைவு வந்தது. அகதி வழக்கு முடியாமல், பாஸ்போர்ட் இல்லாமல் நான் இங்கே இருந்தபோது அவர் ஊரில் இறந்துபோனார். மலியாவின் அருகில் போய் இருந்தேன்.

“என்ர அப்பாவின்ர செத்தவீட்டுக்கும் நான் போகேல்லை.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பொறாமை இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் அவள் ஊர்க்கதை தொடங்கினால், அடுத்த கப்பல் எப்போது என்றுதான் முதலில் கேட்கிறேன்.