பைப் இருந்த சுவர்

கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள சந்துகளில் நடக்கிறேன். புசல்லாவை பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது. ஒரு திருப்பத்தில் சுவர் நிறையப் புதுப் படம் வரைந்திருக்கிறார்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கிற பொம்பளை ஒருத்தி பல் தெரியச் சிரிக்கிறாள். கூடையை ஸ்கூல் பை மாதிரி இரண்டு தோளிலும் மாட்டியிருக்கிறாள். முப்பது வருசம் கொழுந்து எடுத்தவள் நான். கூடைக் கயிறு தலையில்தான் கிடக்கும். வரைந்தவன் எங்களில் ஒருத்தியைக்கூடக் கேட்கவில்லை.

இரண்டு வாளித் தண்ணீரோடு ஒருத்தி மேட்டில் ஏறி வந்து, என் பக்கத்தில் இறக்கி வைக்கிறாள்.

"எங்கருந்து தூக்கிட்டு வாற?"

"கீழ மெயின் ரோட்டுலருந்துக்கா. இந்தச் சுவர்லதான் பைப் இருந்துச்சு. எட்டு வீட்டுக்கும் அது ஒண்ணுதான். படத்துக்கு அசிங்கமா இருக்குன்னு கழட்டிட்டாங்க."

"நீங்க கேக்கலியா?"

"கேட்டோம். வெள்ளைக்காரங்க பாக்க வருவாங்க, ஒங்களுக்கும் நல்லதுன்னாங்க. இவ சிரிக்கிறா பாருங்க. இவளுக்கு என்ன, தாகமா எடுக்கும்?"

அப்போது கமராவோடு ஒரு வெள்ளைக்காரன் வருகிறான். வாளிகளைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கையைக் காட்டுகிறான். அவள் உடனே குனிகிறாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு வாளியை நானே தூக்கிப்போய்ப் படத்துக்கு நட்டநடுவில் வைத்து, பக்கத்தில் நிற்கிறேன்.

"இப்ப எடுக்கச் சொல்லு."

அவன் கமராவை இறக்குகிறான். அவள் என்னைப் பார்க்கிறாள். பிறகு மற்ற வாளியையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னோடு நிற்கிறாள்.