அவசரம் இல்லாத வீரம்மாள்

காணை ஊர்ப் பக்கம் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும், பாத்திரம் வாங்க வீரம்மாளைக் கூட்டிக்கொண்டுதான் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறுவார்கள். பேரத்துக்கென்று அவள் சில சட்டங்கள் வைத்திருந்தாள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். எந்த அண்டா பிடித்திருக்கிறதோ அதைத் திரும்பியும் பார்க்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எப்போது வேண்டும் என்று கடைக்காரன் கேட்டால், நாளைக்கே முகூர்த்தமாக இருந்தாலும், அவசரம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். புருஷன் போன பிறகு ஒன்றரை ஏக்கர் கழனியை வைத்து ஒரு மகளை ஆளாக்கியது இந்தச் சாமர்த்தியம்தான் என்பது அவள் எண்ணம். உலகத்தில் பாதிப் பேர் அடுத்தவன் அவசரத்தைத் தின்றே பிழைக்கிறார்கள் என்று அவள் உறுதியாக நம்பினாள்.

போன தை மாதம், நெல் பால் பிடிக்கிற சமயத்தில், கழனிப் போர்க்கிணற்று மோட்டார் எரிந்துபோனது. இரண்டு தடவை காயில் கம்பி மாற்றிக் கட்டியாயிற்று, இனி தாங்காது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். ஒரு வாரம் காய்ந்தால் கதிர் அத்தனையும் பதர். பதறிப்போய்ச் சேற்றுக் காலோடு விழுப்புரத்து மோட்டார் கடைக்கு ஓடினாளே, அதுதான் தப்பு. அவள் காலைப் பார்த்த கடைக்காரர் விலையில் நூறு ரூபாய்கூட இறங்கவில்லை.

வெறுங்கையோடு திரும்பியவளிடம் மகள் கலைமதி போனை நீட்டினாள். புதுச்சேரியில் கம்பெனி வேலைக்குப் போய் வருகிற பெண். பழைய மோட்டார்கள் விற்கிற ஆப் ஒன்று இருக்கிறதாம். நமக்குப் பதிலாக அதுவே விற்கிறவர்களிடம் பேரம் பேசுமாம். திண்டிவனத்துக்காரர் ஒருவர் போட்டிருந்த ஐந்து குதிரைத்திறன் மோட்டாரைப் படத்தில் பார்த்ததுமே வீரம்மாளுக்குப் பிடித்துப்போனது. அதனாலேயே, தன் சட்டப்படி, அந்தப் படத்தைச் சட்டென்று நகர்த்திவிடச் சொன்னாள்.

பேரம் தொடங்கும் முன் ஆப் இரண்டு கேள்வி கேட்டது. எத்தனை நாளில் வேண்டும்? ஒரு நாள் முந்தி வந்தால் எவ்வளவு கூடத் தருவீர்கள்?

வீரம்மாளுக்குச் சுருக்கென்றது. கேட்கிற கேள்வியைப் பார். சேற்றுக் காலை மறைத்துக்கொண்டு வந்தால், எடுத்துக் காட்டு என்கிறதே!

“ஒரு மாசம் ஆனாலும் பரவால்லன்னு போடு. கூட ஒரு பைசா கெடயாது.”

“நெசத்தச் சொன்னாத்தாம்மா அது நமக்காகப் பேசும்.”

“நமக்காகப் பேசுதுன்னு அதுதான சொல்லிக்கினு கீது? அவனாண்ட போயி இன்னா சொல்லுதோ, நீ கண்டியா?”

அத்தோடு விடவில்லை. மோட்டார் எரிந்த சேதி எந்த வழியாகவாவது விற்கிறவன் காதுக்குப் போய்விடும் என்று பயந்து, மோட்டார் நன்றாக ஓடுவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்தாள். பக்கத்துக் கழனி பாண்டுரங்கன் விசாரித்தபோதும் அதையேதான் சொன்னாள்.

மூன்றாம் நாள் ஆப் ஒரு விலை கொண்டுவந்தது. விழுப்புரம் விலையில் பாதிகூட இல்லை. ஆனால் மோட்டார் வந்து சேர இருபத்து நாலு நாள். இத்தனை நாள் என்பதெல்லாம் பாசாங்கு என்று வீரம்மாள் சிரித்தாள். கடையை விட்டு இறங்கி நாலு கடை தாண்டினால் பின்னாலேயே கூப்பிட ஆள் வருவது அவளுக்குத் தெரியாததா? பேசாமல் இருக்கச் சொன்னாள். போன் கூப்பிடவில்லை. ஆறாம் நாள் மேல் கழனியில் ஒரு கதிரை உருவி நசுக்கிப் பார்த்தாள். விரலில் பால் ஒட்டவில்லை. கதிர் காயத் தொடங்கியிருந்தது. மகளிடம் ஓடினாள்.

“நீ சொன்னத அது நம்பிட்ச்சிம்மா,” என்றாள் கலைமதி. “அவ்ளோதான்.”

நாளைக்கே வேண்டும் என்று மாற்றிப் போட்டார்கள். கையிலிருக்கிற தொகைக்கு நாலு நாளுக்குள் வந்து சேரும்படி எதுவும் இல்லை என்றது ஆப். அந்தத் திண்டிவனம் மோட்டாரையும் காணோம். இதில் ஏதோ கள்ளத்தனம் இருக்கிறது என்று வீரம்மாள் அந்த ஆளின் நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் போடச் சொன்னாள். எடுத்தவர் சீனுவாசன் என்கிறவர். மனையை விற்றுவிட்டாராம். அங்கே போரிலிருந்த மோட்டாரை உடனே கழற்ற வேண்டியிருந்ததால், அன்றைக்கே எடுத்துக்கொள்கிறவருக்கு வந்த விலைக்குத் தள்ளிவிடும்படி ஆப்பில் போட்டிருந்தாராம்.

“மயிலம் ஆளு ஒருத்தர் அன்னிக்கே வேணும்னு போட்டிருந்தாருங்க. அரை மணி நேரத்துல முடிஞ்சிட்ச்சி. நீங்க எப்ப வேணும்னு போட்டீங்க?”

வீரம்மாள் போனை மகளிடம் கொடுத்தாள். அவள் ஒளித்து வைத்த அவசரமும் அந்த மனிதருடைய அவசரமும் சந்தித்திருந்தால் கழனி நனைந்திருக்கும். யாரைத் திட்டுவது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

சேற்றுக் காலைக் கழுவாமலே பாண்டுரங்கன் கழனிக்குப் போனாள். அவர் வாய்க்கால் ஓரம் மண்வெட்டியோடு நின்றிருந்தார்.

“அண்ணே, எம் மோட்டாரு எரிஞ்சி ஆறு நாளாச்சி. தண்ணி வேணும்.”

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். “நல்லா ஓடுதுன்னு நீதானம்மா சொன்ன? அன்னிக்கே கேட்டிருந்தா மடையத் தெறந்து வுட்டிருப்பனே. எப்ப வேணும்?”

அவசரம் ஒன்றும் இல்லை என்ற வார்த்தை பழக்கத்தில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வீரம்மாள் அதை விழுங்கினாள்.

“இப்பவே வேணும்ணே,” என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.