நான் திட்டி எழுதிய அறிவிப்பாளரை பஸ்ஸில் பார்த்தேன்

இன்று பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு வரும் பஸ்ஸில், பின்சீட்டில் ஒருவர், "ஹாலிஎலயில எறங்கணுங்க" என்றார். குரலைக் கேட்டதும் திரும்பிவிட்டேன். எங்கள் வானொலியில் நேயர் விருப்பம் நடத்திய அறிவிப்பாளர்!

என் கணவர் என் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவருக்குத் தபாலட்டை போட்டுப் பாட்டுக் கேட்பார். கடைசி அட்டையைப் போட்ட சில நாட்களில் இறந்துவிட்டார்.

காரியம் முடிந்த வாரம் என் பிறந்தநாள். வானொலி அவர் பெயரைச் சொல்லி எனக்கு வாழ்த்துச் சொன்னது.

இறந்தவர் பெயரில் வாழ்த்தா என்று நிலையத்துக்குக் கடுமையாக எழுதினேன்.

இன்று அந்த அறிவிப்பாளரிடம் அதைச் சொன்னேன். "அன்னிக்குத் திட்டினேங்க. ஆனா அவர் எனக்குச் சொன்ன கடைசி வாழ்த்து அது. நீங்க வாசிக்காட்டி எனக்குக் கெடைச்சிருக்காது. ரொம்ப நன்றி."

"நீங்கதானாம்மா அது! எழுத்து அச்சடிச்ச மாதிரி இருந்துச்சே. ஸ்டேஷன்ல எல்லாருக்கும் காட்டினேன். இவ்வளவு அழகா யாரும் என்னைத் திட்டினதில்லைங்க."

கான்வென்ட் சிஸ்டர்மார் விரலில் அடித்துப் பழக்கிய கையெழுத்து. அவர்களுக்கும் நன்றி.

நீங்களும் எந்த அறிவிப்பாளரையாவது திட்டி எழுதியிருந்தால் கீழே ஒப்புக்கொள்ளலாம். மன்னிப்பு உண்டு, எழுத்துப் பிழைக்கு மட்டும் கிடையாது.