காபித்தூளில் கழுவிய படச்சுருள்

அப்பா இறந்த பத்தாம் நாள் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து போன் செய்தான்.

"பீரோவுல என் கேமரா இருக்கு பாரு. அப்பாவை எடுத்த ரோல் அதுல அப்படியே கிடக்கு. கழுவிடு."

வேலையில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்ததால் காரியத்துக்கு வர அவனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அவன் சொன்ன படங்கள் ஊரை விட்டுப் புறப்படுவதற்கு முந்தின வாரம் எடுத்தவை. ஆயுளெல்லாம் பிறர் வயலில் கூலிக்கு உழுத அப்பா, முதன்முதலாகச் சொந்தமாக வாங்கிய மூன்று மா நிலத்தில் நடவு நடந்த நாள் அது. அவர் முகம் ஒழுங்காகத் தெரியும் படம் வேறு எதுவும் எங்களிடம் இல்லை.

மன்னார்குடியில் மூன்று ஸ்டூடியோ ஏறி இறங்கினேன். எல்லாவற்றிலும் கம்ப்யூட்டர் வந்திருந்தது. கலர் ரோல் என்றால் மெஷினில் போட்டுத் தருவார்கள். கறுப்பு வெள்ளை என்றதும் கடைக்காரர் ரோலைத் தொடக்கூட இல்லை.

"அதெல்லாம் விட்டு வருஷக்கணக்காச்சுங்க. மெட்ராஸ்ல கேட்டுப் பாருங்க."

கறுப்பு வெள்ளையில்தான் கலை இருக்கிறது என்று பீற்றிக்கொண்டவன் அண்ணன். அவனிடம் சொன்னேன். மறுவாரமே ஒரு யோசனையோடு போன் செய்தான்.

"நெட்டுல போட்டிருக்காங்க. காபித்தூள், சோடா, வைட்டமின் சி மாத்திரை, இது போதுமாம். நீ கெமிஸ்ட்ரி டீச்சர்தானே?"

படத்தை வரவழைக்க அது போதும். வந்த படம் அழியாமல் நிற்க ஹைப்போ உப்பு வேண்டும். அதைத் தலைமையாசிரியையிடம் கேட்டுப் பள்ளி ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் குளியலறைக் கதவிடுக்கில் சாக்கைத் திணித்துவிட்டு, இருட்டில் ரோலைப் பிரித்து, சோதனைக்கு ஒரு சாண் மட்டும் வெட்டினேன். சாம்பார் பாத்திரத்தில் கலக்கி வைத்த காபித்தூள் கரைசலில் அந்தத் துண்டைப் பதினைந்து நிமிடம் அலசி, பிறகு ஹைப்போவில் போட்டேன். வெளியே எடுத்தபோது கண்ணாடி மாதிரி வெறுமையாக இருந்தது.

வேண்டியது சலவைச் சோடா; அம்மா எடுத்துக் கொடுத்தது ஆப்பத்துக்குப் போடும் சோடா. நானும் பார்க்காமல் கலக்கியிருக்கிறேன். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள். எனக்கே வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் சலவைச் சோடா வாங்கி, அரை ரோலை ஒரேயடியாகப் போட்டேன். படம் வந்தது. ஆனால் சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் கொதிக்காத குறை. அலச அலசப் படத்தின் மேல்பூச்சு பாலாடை போல உரிந்து என் விரல்களில் ஒட்டிக்கொண்டது. அதில் யார் இருந்தார்கள் என்றுகூடத் தெரியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னடி, வந்துச்சா?" என்று அம்மா கதவுக்கு வெளியே நின்று கேட்டாள்.

"வரல. போம்மா."

அன்று மாலை போன் செய்த அண்ணன், "தண்ணி இருபது டிகிரி இருக்கணுமே, சொல்லலையா?" என்றான். சொல்லவில்லை. போனை வைத்தேன்.

மீதி ரோலை ஒரு மாதம் தொடவில்லை. பிறகு பானைத் தண்ணீரில் ஐஸ்கட்டி போட்டு, ஆய்வகத்துத் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். பதினோரு படங்கள் தேறின. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஆறில் நாற்றுமுடிகள். நான்கில் அண்ணனே இடுப்பில் கை வைத்து நிற்கிறான். யாரிடமோ கேமராவைக் கொடுத்து எடுக்கச் சொல்லியிருக்கிறான். ஒன்றே ஒன்றில் அப்பா. முழங்கால்வரை சேற்றோடு, கையை ஓங்கி, வாய் திறந்திருக்க, கேமராவைப் பார்த்து எதையோ சொல்கிறார்.

ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் அதை ஸ்கேன் செய்து பெரிதாக்கிக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"உங்கண்ணனத் திட்டுறாரு. நாத்த மிதிக்கிறான்னு சொல்லிக்கிட்டிருந்தாரு அன்னிக்கு" என்றாள்.

அண்ணன் போனில், "மொத்தம் பதினொண்ணுதானா? முப்பத்தாறு எடுத்தேனே" என்றான்.

"அப்ப நீ வந்து கழுவியிருக்கணும். அப்பாவுக்குக் கொள்ளி வைக்கவும் வரல, இதுக்கும் வரல. போன்ல மட்டும் சொல்லிக்கிட்டே இரு."

அங்கே லாரி போகும் சத்தம் கேட்டது.

"எனக்கு ஒண்ணு அனுப்பி வை" என்றான் கடைசியில்.

அட்டை வைத்துக் கட்டி அனுப்பினேன். கடிதம் எதுவும் வைக்கவில்லை.